எட்டு ஃபேடரும் ஒரு துருத்தியும்

போன சித்திரையில் அன்னூருக்கும் அவிநாசிக்கும் நடுவே ஒரு ஊரில் மாரியம்மன் நோம்பி. ராத்திரி எட்டு மணிக்கு மெல்லிசைக் கச்சேரி. பந்தலுக்கு வெளியே, கரும்புச் சாறு வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் இடையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மேடையில் பாடகர் இருவர், தபலா, ரிதம் பேட், பேஸ் கிடார், ஒரே ஒரு கீபோர்டு. எண்பதுகளின் இளையராஜா பாட்டு ஒன்று போய்க்கொண்டிருந்தது. பல்லவி முடிந்து இடையிசை. வயலின் கூட்டம் வர வேண்டிய இடம். வந்தது. சுரம் சுத்தம், தாளம் சுத்தம், டோனும் நல்ல டோன். ஆனாலும் அந்த வயலின்கள் குழாயைத் திறந்த மாதிரி ஒரே அளவில் வந்து, குழாயை மூடின மாதிரி நின்றுபோயின. அடுத்து புல்லாங்குழல். அதுவும் அதே கதை. பக்கத்தில் நின்ற பெரியவர், "ரேடியோவுல கேக்கற மாதிரி இல்லீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு சாறு குடிக்கப் போனார். அவருக்கு என்ன குறைந்தது என்று கண்டுபிடிக்கப் போய் ஒரு வருசம் ஆகிவிட்டது. அந்த ஒரு வருசத்துக் குறிப்பு இது.

கீபோர்டு வாசித்தவர் எனக்கு இருபது வருசப் பழக்கம். குழுவில் எல்லாரும் மாஸ்டர் என்பார்கள், எனக்கு அண்ணன். கச்சேரி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"அண்ணா, அந்த வயலின் பிட்டு..."

"ஏந் தம்பி, நோட்டு தப்பிருச்சா?"

"நோட்டெல்லாம் சரிங்ணா. மூச்சு விடாம வாசிக்கற மாதிரி இருந்துச்சுங்க."

சிரித்தார். "முன்னெல்லாம் வயலின்காரர் தனி, குழல்காரர் தனி, ரெண்டாங் கீபோர்டு தனி. இப்ப அத்தனையும் நானு. பத்து வெரல்ல நாலு வாத்தியம் வாசிக்கறேன், அதுல மூச்சு வேற விடோணுமா?"

அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் அதிலேயே பதிலும் இருக்கிறது என்று வீட்டுக்கு வண்டி ஓட்டும்போது தோன்றியது. நான் இசைக்காரன் இல்லை. படித்தது பி.இ., சோறு போடுவது சாஃப்ட்வேர், ஆர்மோனியத்தில் சரளி வரிசையைத் தாண்டினதில்லை. அந்தச் சரளி வரிசை கற்றுக்கொண்ட நாட்களில் வாத்தியார் என் வலது கையைத் திட்டினதைவிட இடது கையைத் திட்டினதுதான் அதிகம். "துருத்தியைக் கவனி, துருத்தியைக் கவனி." வலது கை எந்த சுரம் என்பதை மட்டும் சொல்கிறது. அது எவ்வளவு சத்தத்தில் பிறந்து, எங்கே வீங்கி, எங்கே தேய வேண்டும் என்பது முழுக்க இடது கையில்.

ஆர்மோனியத்தின் மேல் நமக்கு ஒரு பழைய கோபம் உண்டு. 1940-லிருந்து 1971 வரை அகில இந்திய வானொலி அதை ஒலிபரப்பில் சேர்க்கவே இல்லை. கட்டையில் வாசிக்கிற வாத்தியத்தில் சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே வழுக்க முடியாது, கமகம் வராது என்பது முக்கியமான குற்றச்சாட்டு. சரிதான். ஆனால் அதே ஆர்மோனியத்தை வைத்துத்தான் நம் நாடக மேடை முழுக்க ஓடியது. சிங்காநல்லூர் சென்ட்ரல் ஸ்டூடியோவில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவிடம் வேலை பழகிய எம்.எஸ். விஸ்வநாதன் கடைசி வரை மெட்டுப் போட்டதும் ஆர்மோனியத்தில்தான். கமகம் இல்லாத பெட்டியில் எப்படி அத்தனை உணர்ச்சி வந்தது? துருத்தியால் வந்தது என்பது என் கட்சி.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது உடுக்கை நினைவுக்கு வந்தது. கொங்குப் பக்கம் அண்ணன்மார் கதைப் பாட்டு கேட்டவர்களுக்குத் தெரியும். வலது கை தோலைத் தட்டும். இடது கை இடுப்பைப் பிடித்து, குறுக்கே ஓடும் கயிறுகளை இறுக்கும், தளர்த்தும். அடித்த பிறகுதான் சத்தம் ஏறி இறங்கும், அழும், உறுமும். 1960-களில் பிரெண்டா பெக் காங்கேயம் பக்கத்தில் தங்கி அந்தக் கதையை ஒலிநாடாவில் பதிந்தார். அந்தக் கதை ராத்திரி ராத்திரியாக நீள்வது; அத்தனை நேரமும் பாட்டுக்குத் துணை பெரும்பாலும் ஒரு உடுக்கைதான். வீணையிலும் அப்படித்தான், மீட்டுகிற கை ஒன்று, இழுக்கிற கை ஒன்று. நாதசுரத்தில் இடது கைக்குப் பதில் உதடும் மூச்சும். சத்தத்தைப் பிறப்பிப்பதற்கு ஒன்று, பிறந்த சத்தத்தை வளர்ப்பதற்கு ஒன்று என்று வேலை பிரிந்திருக்கிறது.

கீபோர்டு மேடைக்கு வந்தபோது இரண்டாவது வேலைக்கு ஆளே இல்லாமல் போய்விட்டது. இடது கை கார்டு பிடிக்கப் போனது. அல்லது பேஸ் வாசிக்கப் போனது. அல்லது அடுத்த பாட்டுக்கு டோன் மாற்றப் போனது.

மின் வாத்தியம் செய்த ஆட்களுக்கு இது தெரியாமல் இல்லை. 1928-ல் பாரிஸில் மேடையேறிய ஓந்த் மார்த்தனோ என்ற வாத்தியத்தில் வலது கைக்குக் கட்டைகள், இடது கைக்கு ஒரு சின்ன இழுப்பறை. அதில் ஒரு பொத்தான். அந்தப் பொத்தானை எவ்வளவு ஆழம் அழுத்துகிறோமோ அவ்வளவு சத்தம். அழுத்தாவிட்டால் வலது கை என்ன வாசித்தாலும் கேட்காது. 1940-களின் பிற்பகுதியில் வந்த கிளாவியோலினில் முழங்காலால் தள்ளுகிற ஒரு நெம்புகோல் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தது. 1954-ல் 'நாகின்' இந்திப் படத்துக்காகக் கல்யாண்ஜி அந்தக் கிளாவியோலினில் வாசித்ததுதான் இன்றைக்கும் நம் ஊர் ஆர்கெஸ்ட்ராவில் பாம்பு டான்ஸுக்கு வாசிக்கிற மகுடி. அந்த மகுடி மெஷின் மாதிரி ஏன் கேட்கவில்லை என்று யாராவது கேட்டால், முழங்காலுக்கும் அதில் பங்குண்டு என்று நான் சொல்வேன்.

அப்புறம் மிடி வந்தது. (எங்கள் ஊர் ஜவுளிக் கடையில் மிடி என்றால் பாவாடை. இந்த மிடி வேறு.) 1983 ஜனவரியில் அமெரிக்காவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில் டேவ் ஸ்மித்தின் கம்பெனி செய்த ப்ராஃபெட்-600-ஐயும் ரோலண்டின் ஜூபிடர்-6-ஐயும் ஒரு கேபிளால் இணைத்துக் காட்டினார்கள். ஒன்றில் வாசித்தால் இன்னொன்று பாடியது. அந்தக் கேபிளில் ஓடுவது சத்தம் கிடையாது, தகவல்தான். இந்தக் கட்டை, இவ்வளவு வேகத்தில் அழுத்தப்பட்டது. இந்தக் கட்டை விடப்பட்டது. அழுத்தினதற்கும் விட்டதற்கும் நடுவில்? நாமாக ஒன்றும் அனுப்பாவிட்டால் ஒன்றும் இல்லை. பியானோவுக்கு அது போதும், ஏனென்றால் சுத்தியல் அடித்த பிறகு பியானோக்காரராலும் அந்த சுரத்தைப் பெருக்க முடியாது. வயலினுக்கும் குழலுக்கும் அந்த நடுப்பகுதியில்தான் உயிரே இருக்கிறது.

மிடியை வடிவமைத்தவர்கள் அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். கண்ட்ரோல் சேஞ்ச் என்று ஒரு வகைத் தகவல். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒவ்வொரு எண்ணுக்கும் 0 முதல் 127 வரை மதிப்பு. அதில் 7-ம் எண் வால்யூம், 11-ம் எண் எக்ஸ்பிரஷன். இரண்டும் சத்தத்தைத்தான் கூட்டிக் குறைக்கின்றன, பிறகு ஏன் இரண்டு? 7 என்பது சமையலில் உப்பு மாதிரி ஒருதரம் பார்த்துப் போடுவது: வயலின் இவ்வளவு, குழல் இவ்வளவு என்று வாத்தியங்களுக்குள் இருக்கிற விகிதம். 11 அந்த விகிதத்துக்கு உள்ளே நடக்கிற ஏற்ற இறக்கம். 11-ஐ எவ்வளவு ஆட்டினாலும் உச்சம் 7 வைத்த எல்லையைத் தாண்டாது. நம் மேடைகளில் 11-ஐத் தொடுகிறவர்கள் அபூர்வம். தொடுகிற ஒரு சிலரும் கீபோர்டின் மாஸ்டர் வால்யூம் குமிழைத் திருகி வேலையை முடித்துவிடுகிறார்கள். அது எல்லா டோனையும் சேர்த்து ஏற்றும். அடுத்த பாட்டில் மிக்சர்காரர் திட்டுவார்.

எக்ஸ்பிரஷன் பெடல் இருக்கே, அதை வாங்கி மாட்டினால் போச்சு என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். நானும் முதலில் அதைத்தான் சொன்னேன். அண்ணன் நின்றுகொண்டு வாசிக்கிறவர். ஒரு கால் ஏற்கெனவே சஸ்டெய்ன் பெடலில் இருக்கிறது. இன்னொரு காலையும் பெடலில் வைத்தால் எதில் நிற்பது? தவிர நோம்பி மேடை என்பது நாலு கட்டிலைச் சேர்த்துப் போட்ட மாதிரி ஆடும். கீழே வயர் குப்பை. பாடுகிறவர் நடந்து வந்து பெடலை ஒரு உதை உதைத்துவிட்டுப் போவார். உட்கார்ந்து வாசிக்கிறவர்களுக்குப் பெடல்தான் நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். இவருக்குச் சரிப்படாது.

ஆகவே எட்டு ஃபேடரும் எட்டு குமிழும் கொஞ்சம் பொத்தான்களும் உள்ள, ஒரு முழ நீளம்கூட இல்லாத மிடி கண்ட்ரோலர் பலகை ஒன்றை வாங்கினேன். ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் மிக்சரை ஓட்டுவதற்காகச் செய்தது. அதில் யு.எஸ்.பி. வாய் மட்டும்தான், அண்ணனின் ரோலண்ட் கீபோர்டின் பின்னால் இருப்பதோ பழைய அஞ்சு ஊசி மிடி இன். நடுவில் ஒரு ராஸ்பெரி பை வைத்து, பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதி மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

முதல் ஒத்திகையில் நான் செய்த முட்டாள்தனத்தை எழுதிவிடுகிறேன், யாருக்காவது உதவும். வீட்டில் எழுதிய நிரலை ஏற்றாமல், சும்மா இணைப்பு வேலை செய்கிறதா பார்ப்போம் என்று பலகையிலிருந்து வருவதை அப்படியே கீபோர்டுக்குத் திருப்பிவிட்டேன். அந்தப் பலகை கடையிலிருந்து வரும்போது எட்டு ஃபேடரும் 0 முதல் 7 வரையான எண்களை அனுப்பும். சாஃப்ட்வேர்காரன் கண்ணுக்கு எவ்வளவு அழகான வரிசை! மிடியில் 0 என்பது பேங்க் தேர்வு. 1 மாடுலேஷன். 5 ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்குகிற நேரம். 6 டேட்டா என்ட்ரி. அதற்கு முன்னால் எந்த அளவுரு தேர்வாகி இருக்கிறதோ அதன் மதிப்பை மாற்றிவிடும். எட்டாவது ஃபேடர் 7, அதாவது வால்யூம். அண்ணன் ஆசையாக இரண்டாவது ஃபேடரை மேலே தள்ளினார். வயலின் கூட்டம் முழுக்கக் குளிர்க் காய்ச்சல் வந்த மாதிரி நடுங்கியது. பதறிப்போய் வரிசையாக எல்லாவற்றையும் கீழே இழுத்தார். எட்டாவதைக் கீழே இழுத்ததும் கீபோர்டே ஊமையாகிவிட்டது. தபலாக்காரர் எழுந்து போய் டீ சொல்லிவிட்டு வந்தார்.

நிரலை ஏற்றிய பிறகு ஒழுங்காயிற்று. எந்த ஃபேடரைத் தள்ளினாலும் போகிற எண் 11 ஒன்றுதான், சேனல் மட்டும் வேறு. முதல் ஃபேடர் வயலின் கூட்டம், இரண்டாவது குழல், மூன்றாவது கோரஸ் குரல். பொத்தான்கள் அனைத்தும் செத்தவை. அவற்றில் ஒன்றின் எண் 64, மிடியில் அது சஸ்டெய்ன். கை பட்டால் சுரமெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த சிக்கல் கொஞ்சம் நுணுக்கமானது. ஃபேடரைப் பாதி வரை இறக்கினால் சத்தம் பாதியாகத் தோன்ற வேண்டும் என்று விரல் எதிர்பார்க்கிறது. மிடிக்காரர்களின் பரிந்துரைக் கணக்கு வேறு: மதிப்பை 127-ஆல் வகுத்து, அதன் லாகை 40-ஆல் பெருக்கினால் டெசிபெல். 64-ல் கிட்டத்தட்ட 12 டெசிபெல் குறைந்துவிடுகிறது. 32-ல் 24 டெசிபெல். ஜெனரேட்டர் ஓடுகிற திறந்தவெளியில் 24 டெசிபெல் குறைந்த வயலின் இருந்தாலும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். அதாவது ஃபேடரின் அடிக் கால்பாகம் வீண். ஆகவே ஃபேடரின் முழு நீளத்தையும் 40 முதல் 127 வரைக்குள் அடக்கினேன். அடியில் இருந்தாலும் 20 டெசிபெல் குறைவில் வயலின் உயிரோடு இருக்கும். மொத்தம் 88 படிகள். மேலே ஒரு படிக்கு டெசிபெலில் ஏழில் ஒரு பங்கு, கீழே அரைக்குச் சற்றுக் குறைவு. காதுக்குப் படி தெரியவில்லை. அண்ணனுக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோது, "இதைத்தான் தம்பி ஆர்மோனியத்துல துருத்தியை முழுசா மூடாதேம்பாங்க" என்றார்.

மூன்றாவது சிக்கல் எந்தக் கண்ட்ரோலருக்கும் உள்ளது. ஃபேடர் ஒரு இடத்தில் நிற்கும்; கீபோர்டு டோன் மாறியதும் வேறு ஒரு மதிப்பை வைத்துக்கொண்டிருக்கும். விரல் பட்டதும் சத்தம் திடுக்கென்று குதிக்கும். புத்தகத் தீர்வு, பழைய மதிப்பை ஃபேடர் கடக்கும் வரை அதைக் கண்டுகொள்ளாமல் இருப்பது. எழுதினேன். அண்ணனுக்குப் பிடிக்கவே இல்லை. "தள்ளறேன், கேக்க மாட்டேங்குது. பாட்டு எனக்காக நிக்குமா?" மேடையில் ஒரு விநாடி செத்த ஃபேடர் பத்து விநாடி மாதிரி. அந்தப் பகுதியை அழித்துவிட்டு, டோன் மாறும்போதெல்லாம் ஃபேடர் இருக்கிற இடத்தையே கீபோர்டுக்குச் சொல்லிவிடும்படி மாற்றினேன். ஆரம்பத்தில் மட்டும் ஃபேடர்கள் எங்கே நிற்கின்றன என்று நிரலுக்குத் தெரியாது. எல்லாவற்றையும் ஒருதரம் ஏற்றி இறக்க வேண்டும். தபலாக்காரர் சுத்தியலால் தட்டி சுருதி சேர்க்கிற அதே நேரத்தில் அண்ணன் இதைச் செய்துகொள்கிறார்.

ஒரு விசயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். கட்டைகளில் வாசிப்பது எதுவும் என் நிரல் வழியாகப் போகாது. பை அணைந்துபோனாலும், கேபிள் பிடுங்கிக்கொண்டாலும், கீபோர்டு கடைசியாக வந்த சத்தத்திலேயே தொடர்ந்து பாடும். என் நிரல் செத்தால் கச்சேரியும் சாக வேண்டும் என்று இல்லை.

இனி விமர்சனம். பலகையோடு அண்ணன் வாசித்த மூன்று கச்சேரிகளை முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டேன், போனிலும் பதிந்தேன்.

முதலாவது பல்லடம் பக்கம். மோசம். போன தடவை மூச்சே இல்லை, இந்தத் தடவை மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சுரமும் ஊஞ்சல் மாதிரி போய்ப் போய் வந்தது. புது பைக் வாங்கினவன் தெருவுக்குள் கியர் மாற்றி மாற்றி ஓட்டுகிற மாதிரி. ஒரு வயலின் வரியில் எந்த சுரம் எந்த சுரத்தை நோக்கிப் போகிறதோ அந்த இலக்கில்தான் சத்தம் நிறைய வேண்டும். இவர் கை போன போக்கில் எல்லா இடத்திலும் நிறைத்தார். கூடவே இன்னொரு விசயம் வெளிப்பட்டது: ஃபேடரைக் கவனிக்கிற இடது கை கார்டை விட்டுவிட்டதால் பாட்டின் அடி காலியாக இருந்தது. பேஸ் கிடார்காரர் மட்டும் தனியாகத் தாங்கினார்.

இரண்டாவது கச்சேரிக்குள் அவர் ஒரு காரியம் செய்திருந்தார். பழைய பாட்டுகளை ஹெட்போனில் போட்டு, சத்தம் ஏறுகிற இடத்தையும் இறங்குகிற இடத்தையும் பாட்டு நோட்டில் பென்சிலால் கூம்பு மாதிரி கோடு போட்டு வைத்திருந்தார். மேற்கத்திய இசைத் தாளில் காலங்காலமாகப் போடுகிற அதே குறி. யாரும் சொல்லித்தரவில்லை, அவராகவே கண்டுபிடித்தார். முப்பது வருசமாக வாசிக்கிற பாட்டில் வயலின்கள் பாடகர் மூச்செடுக்கிற இடத்தில் ஏறி, அவர் பாட ஆரம்பிக்கும்போது விலகி வழிவிடுகின்றன என்பதை இப்போதுதான் கவனித்தேன் என்றார். எனக்கு இந்த மொத்த முயற்சியிலும் கிடைத்த பெரிய லாபம் இதுதான். பலகை சத்தத்தை மாற்றியதைவிட அவர் காதை மாற்றியது அதிகம்.

மூன்றாவது கோபி பக்கம். அங்கேதான் முதல் தடவை கூட்டம் இடையிசைக்குக் கை தட்டியது. பாட்டுக்கில்லை, இடையிசைக்கு. வயலின்கள் மெல்லத் தொடங்கி நாலாவது தாளவட்டத்தில் நிறைந்து, குரல் வருவதற்கு அரை எண்ணிக்கை முன்னால் அடங்கின. அந்த அரை எண்ணிக்கைதான் வித்தை. போனில் பதிந்ததைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

குழலில் மட்டும் தோல்வி. குழலுக்கும் நாதசுரத்துக்கும் இடது கை ஏற்கெனவே பிட்ச் பெண்டில் இருக்கிறது, கமகத்துக்காக. கீபோர்டில் முழுக் கர்நாடகக் கச்சேரியே செய்கிற கே. சத்யநாராயணன் போன்றவர்கள் அந்த இடது கையை எவ்வளவு நுட்பமாக வளர்த்திருக்கிறார்கள் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். பெண்டிலும் ஃபேடரிலும் ஒரே கை ஒரே நேரத்தில் இருக்க முடியாது. ஒரே விரலில் சுரம், வழுக்கல், அழுத்தம் மூன்றையும் கொடுக்கிற வாத்தியங்கள் வந்துவிட்டன. 2009-ல் வந்த 'தில்லி-6' படத்தின் 'ரெஹ்னா தூ' முடிவில் ஏ.ஆர். ரஹ்மான் வாசிக்கிற கண்டினுவம் அப்படிப்பட்டது. நோம்பிக் கச்சேரிச் சம்பளத்தில் அதைப் பற்றிப் பேசுவதே வீண்.

விடை கண் முன்னாலேயே இருந்தது. ரோலண்டின் நெம்புகோல் இடம் வலமாகத் தள்ளினால் சுரம் வளையும், முன்னால் தள்ளினால் மாடுலேஷன். வழக்கமாக அந்த மாடுலேஷன் வெறும் அதிர்வுக்குப் போகிறது. பேட்ச் அமைப்புக்குள் போய், அதை அதிர்விலிருந்து எடுத்து சத்தத்தோடு இணைத்தோம். இப்போது ஒரே கை, ஒரே குச்சி: பக்கவாட்டில் கமகம், முன்னால் மூச்சு. விட்டால் ஸ்பிரிங் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடும், அதனால் அடிச் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து, தள்ளும்போது நிறையும்படி செய்தோம். குழலுக்கு நான் வாங்கிய பலகையும் தேவைப்படவில்லை, எழுதிய நிரலும் தேவைப்படவில்லை. பத்து வருசமாக அவர் இடது கைக்குக் கீழேயே இருந்தது. இந்த வகையில் பார்த்தால் என் பலகை பாதி வெட்டிச் செலவு, அதையும் எழுதி வைக்கிறேன்.

கோபியில் கச்சேரி முடிந்து சாப்பிடும்போது குழு நடத்துகிறவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுசன், சம்பளம் பாக்கி வைக்காதவர். பலகையைக் காட்டி, "ஏனுங்க, கீழ இவ்ளோ பொத்தான் சும்மாதான இருக்குது. அதுல தபலா லூப்பு, முன்னிசை எல்லாம் ஏத்திரலாங்களா? ஒண்ணை அழுத்துனா ஒண்ணு ஓடற மாதிரி?"

எதிர் வரிசையில் தபலாக்காரர் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார். காதில் விழுந்திருக்கும்.

முடியாது என்று பொய் சொல்ல வரவில்லை. "முடியுங்க" என்றேன். உண்மையில் ஒரு சாயங்காலத்து வேலை. அதே பலகை, அதே கேபிள், அதே பை. இந்தக் கருவியின் எதிரெதிர் உபயோகம் இரண்டும் அந்தப் பலகையின் மேல் பாதியிலும் கீழ் பாதியிலும் இருக்கிறது. ஃபேடர் வாசிக்கிறவருக்கு ஒரு கை கொடுக்கிறது. லூப்பை ஓட்டுகிற பொத்தான், வாசிப்பதையே எங்கேயோ எப்போதோ முடித்துவிட்டு வந்து, ஓட்டுகிற வேலையை மட்டும் மேடைக்குத் தருகிறது. லூப்புக்குப் பாடகர் அரை எண்ணிக்கை தாமதிப்பது தெரியாது. அரை எண்ணிக்கை முன்னால் அடங்கின வயலினுக்குக் கை தட்டின அதே கூட்டம்தான் அது.

அவர் கணக்கும் எனக்குத் தெரியும். ஊர்க்காரர்கள் கொடுக்கிற தொகை ஏறவில்லை, வண்டி வாடகை ஏறிவிட்டது, பக்கத்துக் குழு ரெண்டே ஆளோடு மைனஸ் டிராக் போட்டுப் பாடிவிட்டுப் போகிறது. நான் எழுதித் தராவிட்டால் போனில் ஒரு ஆப் அதைச் செய்யும். ரிதம் பேடில் எப்போதோ வந்துவிட்ட வசதிதான். ஆகவே நான் எழுதித் தர மாட்டேன் என்று சொன்னதில் தியாகம் எதுவும் இல்லை. "அது எனக்குச் சரிப்படாதுங்க, வேற ஆளப் பாருங்க" என்றேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. தபலாக்காரர் ஒன்றும் சொல்லாமல் எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினார்.

போன வாரம் ஒத்திகைக்குப் போயிருந்தேன். அண்ணன் பலகையில் ஆறு ஃபேடருக்கும் பொத்தான் வரிசை முழுக்கவும் மேல் மின்வேலைக்குப் போடுகிற கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டிருந்தார். முதல் இரண்டு ஃபேடர் மட்டும் வெளியே. வயலின் ஒன்று, கோரஸ் ஒன்று. பலகையைத் திருப்பி, கீபோர்டின் இடது ஓரத்தில் நெம்புகோலுக்குப் பக்கத்திலேயே சாய்வாக ஒரு மரக்கட்டை வைத்து ஒட்டியிருந்தார். கட்டைவிரல் ஃபேடரில், மீதி நாலு விரலும் கீழ்க் கட்டைகளில் கார்டில். ஒரே கையில் இரண்டு வேலையும் நடந்துகொண்டிருந்தது. "எட்டு எதுக்குத் தம்பி, ஆர்மோனியத்துக்குத் துருத்தி ஒண்ணுதான?" என்றார். நான் அந்த மரக்கட்டையின் சாய்வை அளந்துகொண்டு வந்திருக்கிறேன். அடுத்த நோம்பிக்குள் மர வேலைக்காரரிடம் கொடுத்து ஒழுங்காக ஒன்று செய்யச் சொல்ல வேண்டும்.